கஃபீல் மாலை

இலங்கையில் எங்கள் அம்பாறைக் கரையோரத்துப் பெரியவர்கள் வலிமார்கள் மேல் மாலை பாடினார்கள். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் ஆண்டுதோறும் கொடியேறும்போது அந்தப் புகழ் இன்றும் ஒலிக்கிறது. மருதமுனை முதல் பொத்துவில் வரை இந்த நாற்பது ஐம்பது ஆண்டுகளில் எழும்பிய மாடிவீடுகளுக்குப் பின்னால் நிற்கும் ஒருவருக்கு மட்டும் இதுவரை யாரும் மாலை பாடவில்லை. அவர் சவூதியில் இருக்கிறார், கட்டாரில் இருக்கிறார், குவைத்தில் இருக்கிறார். ஊரை விட்டு வெளியே போகாத உம்மாமாருக்கும் அவருடைய பட்டம் தெரியும்: கஃபீல். ரிஸ்க், அதாவது வாழ்வாதாரம், அளிப்பவன் அல்லாஹ். அந்த ரிஸ்க்கைத் தேடிப் போனவன் எங்கே வேலை செய்யலாம், எவ்வளவு காலம் தங்கலாம், எப்போது வீடு திரும்பலாம் என்பதற்குக் கையெழுத்துப் போட்டுவந்தவர் கஃபீல். அந்தக் கையெழுத்தில் வளர்ந்த ஊரவன் என்ற முறையில் அவருக்குரிய புகழை நான் செலுத்துகிறேன்.

முதலில் அவரை வியாபாரப் பங்காளியாகப் புகழ வேண்டும். கூட்டு வியாபாரத்தில் எங்கள் கல்முனைக் கடைத்தெரு கண்ட சண்டைகள் கொஞ்சமல்ல. ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பார், கடைசியில் காசுப்பெட்டிக்கு முன்னால் யார் உட்காருவது என்பதில் சொந்தம் முறியும். கஃபீல் இதற்கெல்லாம் அப்பாற்பட்டவர். அவர் முதல் போடுவதில்லை. காசுப்பெட்டிப் பக்கம் வருவதில்லை. பால் டின் விலை ஏறியதா, கோதுமை மா தீர்ந்ததா என்று கேட்டு யாருடைய நேரத்தையும் எடுப்பதில்லை. கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத கஃபீல்மார் உண்டு, அவ்வளவு நம்பிக்கை. நட்டத்தில் எனக்கும் பங்கு வேண்டும் என்று எந்தக் கஃபீலும் எங்கள் பிள்ளைகளை வருத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பங்கு எப்படி உருவாகிறது என்று சொன்னால்தான் அவருடைய பெருமை விளங்கும். நிந்தவூரிலிருந்தோ சாய்ந்தமருதிலிருந்தோ ஒரு இளந்தாரி, எங்கும் வேலை தேடிக்கொள்ளலாம் என்று விற்கப்படும் ‘ஃப்ரீ விசா’வில் சவூதிக்குப் போகிறான். இகாமா என்ற வதிவிட அட்டையில் அவன் தொழில் கூலியாள் என்றிருக்கும். முதல் ஒன்றிரண்டு வருட உழைப்பு விசாவுக்குப் பட்ட கடனுக்கே போய்விடும். பிறகு ஒரு மலையாளியின் பூஃபியா என்ற சிற்றுண்டிக் கடையில் தேத்தண்ணி ஊற்றுவான், முட்டை பொரித்து ரொட்டிக்குள் சுருட்டிக் கொடுப்பான். சுபஹுத் தொழுகையோடு திறந்து நடுச்சாமத்தில் மூடும் கடை அது. நின்று நின்று கால் நரம்பு சுருள்வதோடு தொழிலும் கைக்கு வருகிறது. லொறிச் சாரதிகள் எத்தனை மணிக்கு வருவார்கள், கட்டடக் கம்பனிக்காரருக்குச் சம்பளம் விழும் நாள் எது, யாருடைய கடனைக் கொப்பியில் எழுதலாம், யாருடையதை எழுதக்கூடாது என்பதெல்லாம் பாடமாகிவிடும். சில வருடங்களில் அந்த மலையாளி கடையைக் கைமாற்றிவிட்டு ஊர்போக நினைக்கிறார். எங்கள் பிள்ளைக்கு ஆசை பிறக்கிறது. ஊரில் சீட்டுக் கட்டிய காசு எடுக்கப்படுகிறது. மனைவியின் காப்பும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன. கட்டாரிலிருந்து மச்சான் கொஞ்சம் அனுப்புகிறார். காசு கைமாறுகிறது. மகன் சவூதியில் கடை வாங்கிவிட்டான் என்று வாப்பா பள்ளிவாசல் வாசலில் நின்று நாலுபேருக்குச் சொல்கிறார்.

இனிப் பத்திரங்களைப் பாருங்கள். வணிகப் பதிவு கஃபீலின் பெயரில். பலதிய்யா என்ற நகரசபை தரும் அனுமதிப்பத்திரம் கஃபீலின் பெயரில். கடை வாடகை ஒப்பந்தம், மின்சாரக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பெயரில். எங்கள் பிள்ளையின் பெயர் ஒரே ஒரு கடதாசியில் வரும், அந்தக் கடையின் கூலியாள் என்று. ஒரு பைசா போடாத கடையின் பாரம் முழுவதையும் தன் பெயரில் சுமக்க ஒரு மனிதர் சம்மதிக்கிறார். பதிலுக்கு அவர் கேட்பது மாதம் ஒரு தொகை. கொண்டுபோய்க் கொடுக்கும்போது பேரீச்சம்பழமும் கஹ்வாவும் வைத்து உபசரிப்பார். அந்த உபசரிப்பு பொய்யில்லை என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். வாப்பா மௌத்தான செய்தி கேட்டு டிக்கெட் எடுத்துக் கொடுத்த கஃபீல் உண்டு. நோய் வந்தபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன கஃபீல் உண்டு. நல்ல கஃபீலின் நிழலில் ஒரு கடை இருபது வருடம் ஓடும். அவர் மௌத்தாகிப் பொறுப்பு மகன் கைக்கு வந்தால் இருபது நாள்கூட ஓடாமல் போகலாம். எது நடக்கும் என்பதைச் சட்டம் கஃபீலின் மனசுக்கே விட்டுவிட்டது. ஒரு தனிமனிதனுடைய மனசுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த சட்டத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

அந்தச் சட்டத்தின் அழகையும் சொல்ல வேண்டும். அடுத்தவர் பெயரில் வெளிநாட்டவர் வியாபாரம் நடத்துவதை அங்கே தசத்துர் என்பார்கள். அதைத் தடுக்கப் பல வருடங்களாகவே சட்டம் உண்டு. 2020 ஆகஸ்டில் சவூதி அரசு அதைப் புதுக்கிக் கூர்மையாக்கியது. ஐந்து வருடம் வரை சிறை, ஐம்பது இலட்சம் ரியால் வரை தண்டம். துப்புக் கொடுத்தவருக்கு வசூலாகும் தண்டத்தில் நூற்றுக்கு முப்பது வரை வெகுமதி. பெயர் கொடுத்த சவூதிக்காரருக்கும் பெயர் வாங்கிய வெளிநாட்டவருக்கும் ஒரே தண்டனைதான். இந்தச் சமநீதியை மெச்ச வேண்டும். தண்டனை முடிந்தபின் சவூதிக்காரர் தன் வீட்டுக்குப் போவார். மற்றவர் நாடுகடத்தப்படுவார், திரும்பவும் வேலைக்கு வர முடியாது.

ஆனால் சட்டத்தின் முழுத் திறமை தெரிவது கஃபீலுக்கும் கடைக்காரனுக்கும் பிணக்கு வரும் நாளில். ஒரு காலையில் கஃபீல் வந்து சாவியைத் தா என்கிறார். கடை நன்றாக ஓடுகிறது என்று யாரோ அவர் காதில் போட்டிருப்பார்கள். பிள்ளை நீதிமன்றத்துக்குப் போகலாம். சவூதியில் 2018 முதல் தொழிலாளருக்கென்றே நீதிமன்றங்கள் இருக்கின்றன. அங்கே போய், எனக்கு இத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று கேட்கலாம். கேட்டால் தீர்ப்பும் கிடைக்கலாம். ஆனால், ‘இந்தக் கடை என்னுடையது, என் மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கியது’ என்ற உண்மையை வாய்திறந்து சொன்னால் அதுவே குற்ற ஒப்புதல். வழக்காட வந்தவன் அந்த வாக்கியத்தோடு எதிரியாகிவிடுவான். களவு கொடுத்தவன் தன் பொருள் களவு போனது என்று சொல்லவே முடியாதபடி ஒரு ஏற்பாட்டை எத்தனை அறிவாளிகள் கூடி யோசித்தாலும் இவ்வளவு இடைவெளியில்லாமல் பின்ன முடியாது. அதன் நெசவை எங்கள் மருதமுனைத் தறிக்காரர்கூட வியப்பார்கள்.

மன்னிப்பும் கொடுத்தார்கள். மறைவாக வியாபாரம் செய்பவர்கள் தங்களை வெளிப்படுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள 2022 பெப்ரவரி 16 வரை அவகாசம் இருந்தது. பெரிய கடைக்காரர் சிலருக்கு அது உதவியது. பூஃபியாக்காரனுக்கு அதைவிட நேரான வழி ஒன்றும் 2019 முதல் திறந்திருக்கிறது: கஃபீலே தேவையில்லாத சிறப்பு வதிவிட அனுமதி. வருடத்துக்கு ஒரு இலட்சம் ரியால். நிரந்தரமாக வேண்டுமென்றால் எட்டு இலட்சம் ரியால். சுதந்திரத்தின் விலையை இப்படி ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்த நேர்மையைப் பாராட்டுகிறேன். தேத்தண்ணி ஒன்று ஒரு ரியால் என்று வையுங்கள். நாளைக்கு ஆயிரம் தேத்தண்ணி விற்று, சீனிக்கும் பாலுக்கும் வாடகைக்கும் காசு கொடுக்காமல், தானும் உண்ணாமல், வீட்டுக்கும் அனுப்பாமல் இருந்தால் எண்ணூறு நாளில் எங்கள் பிள்ளை தன் கடைக்குத் தானே உடமையாளனாகலாம்.

கஃபீலின் அரசுக்கு முன்யோசனையும் உண்டு. 2013 நவம்பர் 4 அன்று, தன் கஃபீலிடமல்லாமல் வேறிடத்தில் வேலை செய்பவர்களைத் தேடிச் சோதனை தொடங்கியது. ‘ஃப்ரீ விசா’ என்று காசு வாங்கி விற்கப்பட்ட விசா எவ்வளவு சுதந்திரமானது என்று அன்றைக்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது. 2016 செப்டெம்பருக்குள் கைத்தொலைபேசிக் கடைகள் முழுவதும் சவூதிக்காரருக்கு என்றானது. 2018 முதல் துணிக்கடை, கடிகாரக் கடை, மின்சாரப் பொருள் கடை என்று பன்னிரண்டு வகைச் சில்லறை வியாபாரம் வரிசையாக வந்தது. 2017 ஜூலையில் மனைவி பிள்ளைகளைக் கூட வைத்திருப்பவருக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் வரி தொடங்கி, வருடத்துக்கு வருடம் ஏறி 2020இல் 400 ஆனது. தன் நாட்டுப் பிள்ளைகளுக்கு வேலை தேடிக் கொடுப்பது எந்த அரசுக்கும் கடமை. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எங்கள் அரசு அப்படிச் செய்யவில்லை என்பதால்தானே நாங்கள் போனோம். எங்கள் ஆட்கள் கடையை நிலைநிறுத்தி, வாடிக்கை சேர்த்து, தெருவுக்கே வியாபாரம் கொண்டுவந்த பிறகு சட்டம் வந்தது. அந்தப் பொறுமை பெரிது.

அமீரகத்தில் நிலைமை மாறியிருக்கிறது. நூற்றுக்கு 51 பங்கு உள்நாட்டவருக்கே என்ற நெடுங்கால விதி 2021 ஜூனில் பெரும்பாலான தொழில்களுக்குத் தளர்ந்தது. கட்டாரும் 2019இல் முழு உடமைக்கு வழிவிட்டது. முதல் இருப்பவருக்கு அது நல்ல செய்தி.

இனி எங்கள் சொந்த அரசுக்கு வருகிறேன். கஃபீலைப் புகழ்ந்துவிட்டு அதை விட்டால் அநியாயம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1985இல் சட்டம் போட்டு அமைத்தார்கள். கட்டுநாயக்கவில் இறங்கும் எங்கள் பிள்ளைகளை ‘ரட்ட விருவோ’ என்று அழைக்கிறார்கள். நாட்டின் வீரர்கள் என்று. வீரர்கள் அனுப்பும் டொலரை எண்ணுவதில் எங்கள் அரசுக்கு நிகர் கிடையாது. 2020இல் 710 கோடி டொலர் வந்தது, 2022இல் 379 கோடியாகச் சரிந்தது, 2024இல் திரும்பவும் 650 கோடியைத் தாண்டியது என்று மாதாமாதம் கணக்குச் சொல்வார்கள். 2022இல் எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் நாடு தெருவில் நின்றபோது, காசை வங்கி வழியாக அனுப்புங்கள் என்று அமைச்சர்மார் மன்றாடினார்கள். அனுப்பிய தொகைக்கு ஏற்ப மின்சாரக் கார் இறக்குமதி செய்ய அனுமதி என்றார்கள். ஐந்நூறு, அறுநூறு டொலர் அனுப்பி உம்மாவின் இன்சுலினுக்கும் பிள்ளையின் டியூசனுக்கும் பிரித்துக் கொடுக்கும் பூஃபியாக்காரனுக்கு மின்சாரக் கார்! அவனை இவ்வளவு உயரத்தில் வைத்துப் பார்த்த அரசை மறக்க முடியுமா?

அந்த வீரனிடமிருந்து அரசு கேட்காதது வாக்கு மட்டும்தான். 2024இல் ஜனாதிபதித் தேர்தலும் பாராளுமன்றத் தேர்தலும் நடந்தபோது றியாத்திலோ தோஹாவிலோ இருந்து வாக்களிக்க வழி இருக்கவில்லை. டிக்கெட் எடுத்து ஊர் வந்து வரிசையில் நிற்கலாம். பாதுகாப்பென்று பார்த்தால், 2014 ஜனவரியில் சவூதியோடு வீட்டுப் பணியாளர் பற்றி ஓர் ஒப்பந்தம் கைச்சாத்தானது. வேண்டிய ஒப்பந்தம், எங்கள் ராத்தாமார் தங்கச்சிமார் பட்ட பாட்டுக்குப் பிந்தி வந்தது. கடை நடத்துபவனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பணியகத்தின் புத்தகத்திலும் அவன் கூலியாள்தான். தூதரகத்துக்குப் போய், என் கடையைக் கஃபீல் எடுத்துக்கொண்டார் என்று சொன்னால், இல்லாத கடை எப்படிப் போகும் என்று அதிகாரி கேட்பார். அவர் கேட்பதும் சரி. அவருடைய கோப்பில் கடை இல்லை.

வெளிநாட்டில்தான் இப்படி, உள்ளூரிலாவது தன் பெயரில் ஏதும் இருக்கும் என்று நினைப்பீர்கள். எங்கள் கரையோரத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போய்க் குடியிருப்பார். வீடும் வளவும் பெண் பெயரில் இருப்பது எங்கள் ஊர் பெண்ணுக்குச் செய்த பெரிய நீதி. மாப்பிள்ளை விட்டுப் போனாலும் அவள் தெருவில் நிற்கமாட்டாள். அதைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனமில்லை. நான் புகழ நினைப்பது மாப்பிள்ளை வீட்டாரை. ‘சீதனம் என்ற பேச்சே எங்களிடம் இல்லை, வீடு மட்டும் முடிந்திருந்தால் போதும்’ என்கிறார்கள். மேல்மாடிக்குத் தட்டுப் போடுங்கள், தரைக்கு டைல்ஸ் பதியுங்கள், கேட்டை இரும்பில் வையுங்கள், மற்றபடி எங்களுக்கு ஒரு சதமும் வேண்டாம். இந்தப் போதுமென்ற மனதுக்கு ஈடுகொடுக்க மூத்தவனான ஒரு காக்கா முதல் தங்கச்சிக்கு ஆறு வருடம், அடுத்தவளுக்கு ஐந்து வருடம் என்று ஜித்தாவில் நிற்கிறான். அவன் கல்யாணம் கட்டும்போது தலையில் நரை. போய்க் குடியேறும் வீடு மனைவியுடையது. அதை அவளுடைய காக்கா றியாத்தில் நின்று கட்டியிருப்பான். பிறகு இவனுக்குப் பெண்பிள்ளை பிறக்கும். திரும்பவும் அத்திவாரம்.

அப்படிக் கட்டிய வீடுகளுக்குள்தான் 2004 டிசெம்பர் 26 காலையில் சுனாமியாகக் கடல் வந்தது. இலங்கையில் அதிக உயிர் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான்; பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கடற்கரையை ஒட்டி இருந்த வீடுகள் சுவரோடு போயின. உம்மாவையும் பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் போனில் அழுத ஆட்களுக்கு லீவு கொடுக்க மனமிரங்கிய கஃபீல்மார் பலர். சவூதி அரசும் பெரிய மனது காட்டியது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் 500 வீடுகளைக் கட்டித் தந்தது, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பள்ளிவாசலும் சேர்த்து. அந்த வீடுகளை எந்த இனத்தவருக்கு எந்த விகிதத்தில் கொடுப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதி அவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்டது. வீடுகள் வருடக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்து, காடு ஏறி, யன்னல் கழன்றன. அதே வருடங்களில் எங்கள் பிள்ளைகள் திரும்பவும் சவூதிக்குப் போய்த் தங்கச்சிமாருக்கு இரண்டாம் தரம் வீடு கட்டினார்கள். சவூதிப் பணத்தில் எழுந்த 500 வீட்டைப் பூட்டி வைத்துவிட்டு சவூதி உழைப்பில் வீடு கட்டச் சொன்ன நிர்வாகம் எங்களுடையது. அதன் நிதானத்தைப் புகழ எனக்குச் சொல் போதாது. அந்தப் பூட்டை நினைக்கும்போது நெஞ்சு இன்றைக்கும் எரிகிறது.

கஃபீலிடமிருந்து நாங்களும் கற்றுக்கொண்டோம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பொத்துவிலுக்குப் பக்கத்தில் அறுகம்பே கடற்கரையில் அலைச்சறுக்கலுக்கு வந்த வெள்ளைக்காரர் சிலர் சுற்றுலா விசாவிலேயே தங்கிக் கடை நடத்துகிறார்கள் என்ற முறைப்பாடு பல வருடமாக உண்டு. 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. ஆகவே உள்ளூர் பெயர் ஒன்று தேவைப்படுகிறது. பெயர் கொடுக்க எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் போடாமல், நட்டத்தில் பங்கெடுக்காமல், மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு சலாம் சொல்லத் தெரிந்தவர்கள். சவூதியில் அவமானமாக அனுபவித்ததை ஊரில் வருமானமாக மாற்றிய கெட்டித்தனம் அது. அந்த வெள்ளைக்காரருக்கு ஒரு வித்தியாசம் உண்டு: பிணக்கு வந்தால் பேசுவதற்குத் தூதரகமும் சட்டத்தரணியும் இருக்கும், பிடிக்காவிட்டால் அடுத்த கடற்கரைக்குப் போக கடவுச்சீட்டும் இருக்கும்.

கஃபீலின் புகழில் கடைசியாக ஒன்று, அவருடைய நிலைபேறு. ஒரே பூஃபியா மலையாளியிடமிருந்து சாய்ந்தமருதுக்காரருக்கும், அவரிடமிருந்து நிந்தவூர்க்காரனுக்கும் கைமாறும். ஒவ்வொரு தரமும் ஊரில் ஒரு நகை அடகுக்குப் போகும். வாங்கியவருக்கும் விற்றவருக்கும் இடையே ஒரு கடதாசியும் எழுதப்படாது. எழுதினால் அது இருவருக்கும் எதிரான சாட்சி. நம்பிக்கை ஒன்றே பத்திரம். இருபத்தைந்து முப்பது வருடத்தில் ஆட்கள் மாறுவார்கள், பெயர்ப்பலகையில் கஃபீலின் பெயர் மாறாது. குரூஜ் என்ற கடைசி வெளியேற்ற விசா அடித்து ஊர்திரும்பும் மூத்தவர், கடையை எடுக்கும் இளையவனைப் பக்கத்தில் இருத்தித் தொழில் சொல்லிக் கொடுப்பார். பால் எங்கே மலிவு, எந்தக் கடன்காரனை நம்பலாம் என்பதெல்லாம் சொல்லி முடித்தபின் அவர் சொல்வது அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

“கஃபீலோட கணக்குக் கதைக்காத தம்பி. கேட்டதக் குடு, சலாம் சொல்லு. ஆபீஸ்காரன் செக்கிங்குக்கு வந்தா கவுண்டர விட்டு வெளிய வந்து நில்லு, கையில ஒரு துடைக்கிற சீலைய எடு. கடை உன்ட எண்டு மறந்தும் வாய்ல வந்திரக்கூடாது. ஊருக்குக் கோல் எடுக்கக்குள்ளயும் அப்பிடிக் கதைக்காத, பக்கத்தில நிக்கிறவனுக்கும் தமிழ் தெரியும்.”